மூன்று தரம் சிவந்த மலை

என் வீட்டுக்காரர் யாகப்பனுக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது முப்பதாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு. பிடிக்க வைத்தவர் எங்கள் சாமியார். இருவர் மேலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இருவரும் செத்துப் போய்விட்டார்கள், அப்படியும் ஆறவில்லை.

லிங்கிக்குப் போகிற சடக்கில் இருந்தது எங்கள் தோட்டம். சடக்கை ஒட்டிய சமதரையில் கீழ் டிவிசன். அங்கே மரங்கள் கிழடு தட்டி, பட்டையெல்லாம் முண்டும் முடிச்சுமாய் நின்றன. உள்ளே ஒரு மலை. அதைச் சுற்றிச் சுற்றிப் படி வெட்டி, படி நெடுகக் கித்தா என்கிற ரப்பர் மரம் வைத்தது மேல் டிவிசன். யாகப்பன் மேல் டிவிசனுக்கு மண்டோர். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, ஆள் பிரித்து மரத்துக்கு அனுப்புவது அவர். ஞாயிற்றுக்கிழமை அத்தாப்புக் கூரைக் கோயிலில் செபம் சொல்வதும் அவர். ஆகையால் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் லயத்து ஜனங்கள் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும்தான் அந்த வழக்கம் கிடையாது.

அந்தக் கிறிஸ்துமஸில் நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாவது. மூத்தவன் நாகப்பட்டினத்திலிருந்து வருகிற கப்பலிலேயே போய்விட்டான். வாந்தியும் பேதியுமாக ஒரே ராத்திரி. சாக்குத் துணியில் நானே சுற்றிக் கொடுத்தேன், கடலில் போட்டார்கள். நான் கத்திய கத்தலில் மேல்தளத்து வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது பெண். தவழ ஆரம்பித்த பிறகு தோட்டத்துக் காய்ச்சலில் போனாள். இந்த மூன்றாவது பிழைக்க வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. கைக்குழந்தையோடு இனி ஒருநாளும் கப்பல் ஏற மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தேன். யாகப்பனுக்கும் அது தெரியும்.

அப்போது கித்தா விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி படுக்கும்போது எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

சாமியார் பிரெஞ்சுக்காரர். சிரம்பானிலிருந்து மாசம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார், ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிக்கிற மாதிரி இருக்கும். தை மாசம் வந்தபோது பித்தளைக் குழாய் ஒன்றை முக்காலியில் பொருத்திக் கோயில் வாசலில் நிறுத்தினார். செபமாலை முடிந்து, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இந்துக்கள், வேதக்காரர்கள் என்று பார்க்காமல் லயமே கூடிவிட்டது. பிரெஞ்சுப் பத்திரிகைகளிலிருந்து கிழித்த படங்களும் வைத்திருந்தார். அரிக்கன் விளக்கை உயர்த்திப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“அதோ, நீங்கள் திருவாதிரை என்கிறீர்களே, அது சிவப்பாக இருக்கிறதல்லவா? அது பச்சைக் குழந்தை. வானத்தில் தூசியும் ஆவியும் மேகம் போலக் கிடக்கின்றன. அந்த மேகம் தன் பாரத்தாலேயே தன்னை அமுக்கிக்கொண்டு உருண்டு திரளும். திரளும்போது சூடேறும். முதலில் பெரிதாக, சிவப்பாக ஒளிவிடும். பிறகு சுருங்கச் சுருங்க மஞ்சள், வெள்ளை, நீலம். அது வாலிபம். அதன் பின் சூடு தணிந்து, சிறுத்து, மறுபடியும் சிவந்து, கடைசியில் கரியாகிவிடும்.”

“பொறக்கும்போதும் செவப்பு, சாகும்போதும் செவப்பா சாமி?” என்று கேட்டார் யாகப்பன்.

“ஆம். இப்போதைக்கு அறிஞர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.”

இந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல் என் காதில் விழுந்தது. யாகப்பன் காதில் விழவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கித்தா மரம் மாதிரியே இருக்கிறதே என்று பூரித்துப் போய்விட்டார். கித்தா இலையும் அப்படித்தான். துளிர்க்கும்போது செம்பு நிறம், பிறகு பச்சை, உதிரும் முன் மறுபடியும் சிவப்பு.

எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவும் அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். “எல்லா எடத்துலயும் இப்படிப் பொறந்துகிட்டேதான் இருக்குமா சாமி?”

சாமியார் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் போலப் படங்களைப் பரப்பினார். நாம் பார்க்கிற நட்சத்திரமெல்லாம் ஒரே தீவைச் சேர்ந்தவை என்றார். அந்தத் தீவுக்கு வெளியே, எண்ணி முடியாத தூரத்தில், வேறு தீவுகள் இருக்கின்றனவாம். இதைக் கண்டுபிடித்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறதாம். வடமேற்கே ஒரு மங்கலான திட்டைக் குழாய் வழியே காட்டினார். எனக்குக் கண்ணாடியில் எச்சில் பட்டது போலத்தான் தெரிந்தது. அதே திட்டின் படத்தைக் காட்டியபோது, கோலப்பொடியைச் சுழற்றிக் கொட்டினது போல இருந்தது.

“இது சுருள் வகைத் தீவு. இந்தச் சுருள் கைகளில் கரிய தூசி இருக்கிறது பாருங்கள். அதன் ஓரத்திலேயே நீல நட்சத்திரங்கள். தூசி இருக்கிற இடத்தில் பிறப்பு நடக்கிறது. தெற்கே அடிவானத்தில் இரண்டு வெண்திட்டுகள் தெரிகின்றனவே, அவற்றுக்கு ஒழுங்கான உருவமே இல்லை, அங்கே மூலைக்கு மூலை பிறப்பு.” பிறகு இன்னொரு படம். வழவழவென்று ஒரு முட்டை போல, வேறு ஒன்றுமே இல்லாமல். “இது உருண்டை வகை. இதில் தூசி இல்லை, மேகம் இல்லை. உள்ளதெல்லாம் எப்போதோ செலவாகிவிட்டது. இங்கே புதிதாக எதுவும் பிறப்பதாகத் தெரியவில்லை. இருப்பவை எரிந்து தீரும் வரை இருக்கும்.”

“பாவம்” என்றாள் செல்லம்மா.

எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவே ஒரு பிள்ளைகூடக் கிடையாது என்றால் அது என்ன இடம்.

யாகப்பனுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் கஞ்சி குடிக்கும்போது கண்டுபிடிப்பைச் சொன்னார். “கீழ் டிவிசன் உருண்டை வகை, ஆக்னஸ். தட்டையா, கெழடா கெடக்கு. நம்ம மலையப் பாரு, சுத்திச் சுத்திச் சுருளா படி வெட்டியிருக்கு. சுருள் வகையில பொறப்பு நிக்காது.”

“படி வெட்டுனது மம்பட்டியால. அதுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“உனக்கு வெளங்காதுலா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும், அதுதான் கஷ்டம்.

மாசி பிறந்து இலையெல்லாம் கொட்டியது. அந்த வருஷம் மழை சொட்டுக்கூட இல்லை, மலை மொட்டையாக நின்றது. ஒருநாள் பெரட்டுக்குத் தொரை நேரிலேயே வந்தார். அவர் சொன்னதைக் கணக்கெழுதுகிற கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார். விலை இருக்கிற இருப்பில் இரண்டு டிவிசனையும் ஓட்ட முடியாது, கீழ் டிவிசனை இன்றோடு நிறுத்தியாகிவிட்டது, மலையில் இலை எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்பார், நன்றாக வந்தால் மலை ஓடும், வராவிட்டால் அதையும் மூடிவிட்டு எல்லோரையும் கப்பலேற்றிவிடுவார்.

அன்றிலிருந்து நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பங்குனித் தொடக்கத்தில் உச்சியில் சிவப்பு தெரிந்தது. பார்த்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், கித்தாத் துளிர் அவ்வளவு அழகு. காலை வெயில் பட்டால் மலை முழுக்கச் செம்புத் தகடு தொங்கவிட்டது போல மின்னும். பெண்கள் குலவை போட்டார்கள். யாகப்பன் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துளிர் பச்சையாகவில்லை. கைவிரல் நீளம்கூட வளராமல் சுருண்டு விழுந்தது. படிகளில் நடந்தால் குழந்தைகளின் காது போன்ற சின்னச் சின்ன இலைகள் காலில் ஒட்டும். திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக மாவு. என்ன மாவு என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முந்தி நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. வெயில் புழுதி என்றார் ஒருவர். மலை மறுபடியும் மொட்டையானது. பிறகு மறுபடியும் சிவந்தது.

“பாத்தியா? விழுந்தாலும் திருப்பிப் பொறக்குது” என்றார் யாகப்பன்.

வாழ்நாளெல்லாம் பால் வெட்டுகிறவர்களுக்கு மலை சிவந்தால் ஒரே அர்த்தம்தான். துளிர் வந்தாச்சு, இனிப் பால் வரும், இனி வேலை உண்டு. இலை உதிரும் காலத்துச் சிவப்பு வேறு, அது மரத்தில் இலை பழுத்துத் தொங்கும்போது வருவது. மொட்டைக் கிளையில் வருகிற சிவப்பு பிறப்பு, அதில் சந்தேகமே கிடையாது. கித்தாக் காட்டைத் தெரியாத ஒருவன் பார்த்திருந்தால் பயந்திருப்பான். நாங்கள் தெரிந்தவர்கள், அதனால் குலவை போட்டோம்.

அந்த இரண்டாம் சிவப்பு இருக்கும்போதுதான் அர்ச்சுனன் வந்தார். கோலா சாவாவில் ஒரு தோட்டத்துக்கு மண்டோர், யாகப்பனுக்கு ஊர்ப்பழக்கம். வாசலில் உட்கார்ந்து கோப்பியைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஒரு சோடி வெட்டாள் வேணும்னு எங்க தொரை சொல்லியிருக்காரு. ஒரே ஒரு சோடி. ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன். மண்டோர் வேலை கெடையாது, மரம்தான் வெட்டணும். ஆனா கொட்டகை இருக்கு, அரிசி இருக்கு. தங்கச்சி புள்ளப்பேறுக்கு ஆஸ்பத்திரியும் இருக்கு. பெரிய வெள்ளிக்குள்ள வந்துரு.”

நான் அடுப்படியிலிருந்து மூட்டையே கட்ட ஆரம்பித்துவிட்டேன். யாகப்பன் எழுந்து நின்றார். மலையைக் காட்டினார்.

“இல்லண்ணே. இவ்வளவு பொறப்பு இருக்கிற எடத்த விட்டுட்டு எங்க வர்றது? என்னய நம்பி இத்தன குடும்பம் இருக்கு. நானே மொதல்ல ஓடுனா இதுங்க என்ன நெனைக்கும்?”

அர்ச்சுனன் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து, ஊர்க்காரர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசக்கூடாது என்கிற மரியாதையையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினேன். “மலைக்கு மேல உள்ளதப் பாக்குறியே, வயித்துல உள்ளத யாரு பாக்குறது? அந்தச் சாமியாரு ‘இப்போதைக்கு’ன்னு சொன்னாரே, கேட்டியா நீ?”

“ஒரு மாசம் பொறு ஆக்னஸ். எல கரும்பச்சை ஆயிரும். தொரை கண்ணால பாப்பாரு.”

அர்ச்சுனன் பெரிய வெள்ளி வரை காத்திருந்தார், அந்த மட்டும் நல்ல மனுஷர். பிறகு எங்கள் லயத்திலேயே மங்கம்மாவையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனார். மங்கம்மா போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ, அவள் வராததே நல்லது.

லயத்து முக்கில் காதர் மைதீன் கடை இருந்தது. உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். சித்திரையில் மலை மூன்றாம் தரம் சிவந்த அன்று கருவாடு வாங்கப் போனேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கடைய மூடறீங்களா பாய்?”

“சிரம்பான் பக்கத்துல, ராசாவுல, என் தம்பி சாப்பாட்டுக் கடைக்குப் போறேன்மா. எனக்கு மரத்தப் பத்தித் தெரியாது. ஆனா ஒரே புள்ள மூணு தடவ பொறந்து எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? மரம் உள்ளுக்குள்ள வச்சிருக்கிறதையெல்லாம் எடுத்து வெளிய விட்டுக்கிட்டிருக்கு. எடுக்க எடுக்க எவ்வளவுதான் இருக்கும்?”

அவர் மனைவி சைதூன் பீவி உள்ளேயிருந்து வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு பிடி வெல்லம் கொடுத்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் வயிற்றுப்பிள்ளைக்காரி யார் வந்தாலும் அவளிடம் சும்மா போக முடியாது.

மூன்றாம் சிவப்பும் விழுந்தது. அதற்குப் பின் மலை சிவக்கவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. வெட்டினால் பால் மங்குக் கிண்ணத்தில் வடியாமல் வெட்டின கோட்டிலேயே காய்ந்தது. தொரை வந்து பார்த்தார், திரும்பிப் போனார். மறுநாள் பெரட்டில் கிராணி கப்பல் விஷயத்தைச் சொன்னார்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தபின் திருச்சியில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை பார்த்தேன். அங்கே விஞ்ஞானம் நடத்துகிற சிஸ்டர் ஒருத்தி. பல வருஷம் கழித்து, என்னவோ பேச்சில் திருவாதிரை வந்தது. அது பச்சைக் குழந்தைதானே என்றேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, அது பழைய கணக்கு, தப்பு என்று தெரிந்து வெகுநாள் ஆகிறது என்றாள். அப்படி ஊதிச் சிவந்து நிற்பது சாகப்போகிற நட்சத்திரமாம். உள்ளே எரிய வேண்டியது எரிந்து தீர்ந்த பிறகுதான் அது அப்படி ஊதுமாம். பெரிதாய் நீலமாய் எரிவது சீக்கிரம் தீர்ந்துபோகும், சின்னதாய் மங்கலாய் எரிவது கிடந்துகொண்டே இருக்கும் என்றாள். உருண்டைத் தீவைப் பற்றிச் சாமியார் சொன்னது மட்டும் ஏறக்குறைய சரிதானாம். அங்கே இருப்பதெல்லாம் கிழட்டுச் சிவப்பு, பிறப்பு நின்றுபோன சிவப்பு. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் மலை எந்த வகைத் தீவு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. யாகப்பனிடம் இதைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். யாகப்பன் கோலா சாவாவுக்கு நடந்தார். அர்ச்சுனன் கையை விரித்துவிட்டார். லிங்கிப் பக்கத்துத் தோட்டங்கள், ரந்தாவு, சிரம்பான், ஒன்று பாக்கி இல்லை. எல்லா இடத்திலும் ஆளைக் குறைக்கிறார்களே தவிரச் சேர்ப்பார் இல்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதன் பிறகு வானத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

ஆனி மாசம், இன்னும் மூடாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. மருந்து கொடுக்கிற டிரசர்கூட ஆச்சரியப்பட்டார், அப்படி ஒரு பிள்ளை. கொழுகொழுவென்று, பிறந்த நிமிஷத்திலேயே ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். பால் எனக்குப் பொங்கி வழிந்தது. அதே வாரம் செல்லம்மாவுக்குப் பையன் பிறந்தான், நோஞ்சானாக. அவளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளைகள் கொஞ்சம் தேறட்டும் என்று எங்கள் இரண்டு குடும்பத்தையும் கடைசிக் கும்பலில் சேர்த்தார்கள். மற்றவர்கள் போன பிறகு லயத்தில் எங்கள் இரண்டு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது.

கப்பல் நாள் வந்தது. நான் ராசாவுக்கு ஆள் அனுப்பிச் சைதூன் பீவியை வரச் சொன்னேன். நான்தான் சொல்லி அனுப்பினேன். யாகப்பன் யோசனை இல்லை, சைதூனும் வாய் திறந்து கேட்கவில்லை. பூசி மெழுக எனக்குத் தெரியாது. கப்பலில் கைக்குழந்தை பிழைக்காது, அதை நான் என் கண்ணால் பார்த்தவள், என் கையால் சாக்கில் சுற்றியவள். இவள் எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும்.

சைதூன் வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தபடியே அழுதாள்.

“வேணாம் ஆக்னஸ். பின்னாடி உன் வயிறு எரியும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

“எரிஞ்சா எரியட்டும். இவ சாகக்கூடாது. நல்லா வச்சுக்குவியா?”

“என் உசுரா வச்சுக்குவேன்.”

“உங்க மார்க்கத்துப் பேரு வைப்பீங்க இல்ல?”

“ஹசீனான்னு வைக்கலாமா?” என்று என்னிடம் அனுமதி கேட்டாள். நல்ல பேர் என்றேன்.

யாகப்பன் கதவோரம் நின்றார். “வேணாம் ஆக்னஸ், நாம தூக்கிட்டே போவோம், எத்தனையோ புள்ளைங்க போகுது” என்றார். ஒரு தரம்தான் சொன்னார். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். ஆனால் மலை விஷயத்துக்குப் பிறகு என் முன்னால் அடித்துப் பேச அவருக்கு வாய் இல்லை. நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். “ஓம் பேச்சக் கேட்டு இங்க வந்து நிக்கிறோம். இனி நீ பேசாத” என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

கடைசியாக ஒரு தடவை பால் கொடு என்றாள் சைதூன். நான் மாட்டேன் என்றேன். கொடுத்தால் விட முடியாது. துணியில் சுற்றி அவள் மடியில் வைத்துவிட்டு லாரிக்கு நடந்தேன். குழந்தை அழுதது லாரி கிளம்பிய பிறகும் கேட்டது. செல்லம்மா என் காதைப் பொத்தினாள்.

கப்பலில் அடித்தளத்தில் எங்களைப் போட்டார்கள். முதல் நாளே செல்லம்மாவுக்கு இருந்த கொஞ்சப் பாலும் வற்றிவிட்டது. அவள் பையன் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். எனக்கோ ரவிக்கை நனைந்து, மார்பு கல்லாகி, காய்ச்சலே வந்துவிட்டது. செல்லம்மா கேட்கப் பயந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் ராமசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே கையை நீட்டினேன்.

பையன் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்தான் பாருங்கள், நகமெல்லாம் என் தோலில் பதிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரிகள் சுற்றி உட்கார்ந்து, பிழைச்சுக்குவான், பிழைச்சுக்குவான் என்றார்கள். இது நாலு நாள் தாங்காது, நாளைக்குச் சாக்குத் துணி கேட்பார்கள் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடவுளே, அது நடக்கட்டும் என்றும்கூட நினைத்தேன். அப்படி நடந்தால்தானே நான் செய்தது சரி. நினைத்துக்கொண்டே அவனுக்குப் பால் கொடுத்தேன். அவன் நாளுக்கு நாள் தேறினான். கன்னம் உப்பியது. என்னைப் பார்த்து ஒருநாள் சிரித்தான்.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் டாக்டர் ஒருவர் கைக்குழந்தைக்காரிகளை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். நிறையப் பேர் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணை இழுத்துப் பார்த்து, போ போ என்று அனுப்பினார். அந்தக் கப்பலில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. செல்லம்மா தன் பையனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ராமசாமியோடு போனாள்.

யாகப்பன் அந்தப் பிள்ளைகள் எல்லாம் போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம், குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சம்கூட இல்லாமல் கேட்டார்.

“அப்ப நம்மளதும் வந்திருக்கும்ல, ஆக்னஸ்?”

நான் அவரை அடித்தேன். அத்தனை பேர் முன்னாலும், கை ஓயும் வரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை.